மடிப்புக் கோட்டில் தொடங்குங்கள்: புதுமையான வடிவங்களில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள்

கேள்வி: கிறிஸ்துமஸுக்குச் சுமார் முப்பது வாழ்த்து அட்டைகளை நானே செய்து அனுப்ப விரும்புகிறேன். வழக்கமான செவ்வகம் வேண்டாம் என்று மரம், நட்சத்திரம், மணி எனப் பல வடிவங்களில் வெட்டிப் பார்த்தேன். சில இரண்டு துண்டாகக் கழன்று வந்துவிட்டன. சில நிற்காமல் சாய்கின்றன. கத்தரிக்கோல், கட்டர், ஸ்கேல், பசை தவிர வேறு கருவிகள் என்னிடம் இல்லை. எந்த வடிவங்களைத் தேர்ந்தெடுக்கலாம்? எப்படி வெட்டுவது?

பதில்:

உங்களிடம் இருக்கும் கருவிகளே பெரும்பாலும் போதும்; வட்டமும் அறுகோணமும் வரைய மட்டும் ஒரு கவராயம் வேண்டும். அட்டைகள் கழன்று வந்ததற்கு உங்கள் கைத்திறனில் குறை இருப்பதாக நினைக்காதீர்கள். பெரும்பாலானோர் முதலில் வடிவத்தை வரைந்துவிடுகிறார்கள். மடிப்பு எங்கே வரும் என்பதைப் பிறகுதான் தேடுகிறார்கள். வாழ்த்து அட்டையில் மடிப்புதான் கதவின் கீல். நட்சத்திரத்தின் கூரான முனையில் கீல் வைத்தால் அது எப்படித் தாங்கும்? ஆகவே தாளில் முதலில் மடிப்புக் கோட்டைப் போடுங்கள். அடுத்து, அட்டை எந்த அளவு உறைக்குள் போகவேண்டும் என்று முடிவு செய்யுங்கள். வடிவத்தை அதற்குப் பிறகு வரையுங்கள். இந்த வரிசையை மாற்றாமல் இருந்தால் நீங்கள் நினைக்கும் எந்த வடிவத்தையும் அட்டையாக்கிவிடலாம்.

வெட்டி முடித்த பிறகும் மடிப்புக் கோட்டில் குறைந்தது 4 செ.மீ. நீளம் வெட்டுப்படாமல் மிஞ்ச வேண்டும். கைக்கடக்கமான அட்டைக்கு இது போதும். வட்ட வடிவத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். மரத்தில் தொங்கவிடும் வண்ண உருண்டை போல 12 செ.மீ. விட்டமுள்ள வட்டம் ஒன்றை, அதன் உச்சி மடிப்புக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வரைந்தால், ஒரே ஒரு புள்ளிதான் இணைந்திருக்கும்; திறந்தவுடன் கிழிந்துவிடும். அதே வட்டத்தை 4 மி.மீ. மட்டும் மேலே நகர்த்தி, உச்சி மடிப்புக் கோட்டைத் தாண்டும்படி வரையுங்கள். இப்போது 4 செ.மீ.க்கும் சற்று அதிகமான மடிப்பு கிடைத்துவிடும். பார்ப்பவருக்கு அது முழு வட்டமாகவே தெரியும். மேலே தொங்கும் வளையத்தை வரைந்துவிட்டால் தட்டையான பகுதி கண்ணில் படவே படாது.

மணிக்கும் இதுவே வழி. உச்சியைக் கூராக்காமல் 4 செ.மீ. அகலத்துக்குத் தட்டையாக விட்டு, மடிப்பு மேல்பக்கம் வரும்படி வெட்டுங்கள். மேலே குறுகியும் கீழே விரிந்தும் இருப்பதால், சற்றே விரித்து வைத்தால் கூடாரம் போல உறுதியாக நிற்கும். அறுகோணம் இன்னும் எளிது. அதன் பக்கங்கள் நேர்கோடுகள் என்பதால் ஒரு பக்கம் முழுவதையும் மடிப்பாக விட்டுவிடலாம். கவராயத்தால் 6 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து, அதே ஆரத்தை வட்டத்தின் மேல் ஆறு முறை அடியெடுத்து வைத்து, புள்ளிகளை இணைத்தால் அறுகோணம் தயார். ஒவ்வொரு பக்கமும் 6 செ.மீ. இருக்கும்.

அறுகோணத்தைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம், அதன் மேல் பனித்துகள் ஒட்டினால் அவ்வளவு பொருத்தமாக இருக்கும். பனித்துகளுக்குப் பொதுவாக ஆறு கைகள்தான். பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோண அமைப்பில் சேர்வதே காரணம். வானியலாளர் கெப்ளர் 1611ஆம் ஆண்டிலேயே இந்த ஆறு என்ற எண்ணைப் பற்றி வியந்து ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார். தாளை நான்காக, எட்டாக மடித்து வெட்டுவது சுலபம் என்பதால் பலர் எட்டுக் கைப் பனித்துகளைச் செய்துவிடுகிறார்கள். மெல்லிய தாளை வட்டமாக வெட்டி, பாதியாக மடித்து, அந்த அரைவட்டத்தை மூன்று சம பங்காக மடியுங்கள். பிறகு மீண்டும் ஒரு முறை பாதியாக மடித்து ஓரங்களில் கத்தரியுங்கள். விரித்தால் ஆறு கைகள் வரும். அந்த நேர்த்திக்காக ஒரு நிமிடம் கூடுதலாகச் செலவிடலாம்.

முப்பது அட்டைகளில் பெரும்பகுதியை எந்த வடிவத்தில் செய்வது என்று கேட்டால், தயங்காமல் குடில் வடிவத்தையே சொல்வேன். கிறிஸ்துமஸின் மையக் காட்சி அது. தவிர, திறப்பதற்கு ஒரு காரணமும் அதில் இருக்கிறது. கதவு என்றால் யாருக்கும் திறந்து பார்க்கத் தோன்றும்.

ஏ4 அளவு அட்டையைக் குறுக்கே பாதியாக வெட்டுங்கள். 210 மி.மீ. அகலமும் 148 மி.மீ. உயரமும் உள்ள துண்டு கிடைக்கும். அகலத்தில் இடப்பக்கத்திலிருந்து 52.5 மி.மீ. தூரத்திலும் 157.5 மி.மீ. தூரத்திலும் மேலிருந்து கீழாக இரு கோடுகள் போட்டு, இரு ஓரங்களையும் நடுவை நோக்கி மடியுங்கள். இரட்டைக் கதவு வந்துவிட்டது. இனி கூரை. கதவுகளை மூடியபடியே, அடியிலிருந்து 100 மி.மீ. உயரத்தில் இரு பக்கமும் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து மேல் ஓரத்தின் நடுப்புள்ளி வரை சாய்கோடு போடுங்கள். தாள்கள் நழுவாமல் கிளிப் மாட்டி, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்தே வெட்டுங்கள். சுவர்களின் பக்கம் 10 செ.மீ. நீளத்துக்கு மடிப்பு முழுதாக இருப்பதால் அட்டை கழன்று வர வழியே இல்லை. கதவுகள் நடுவில் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க, ஒவ்வொரு கதவின் உள் ஓரத்திலும் அரை மி.மீ. சீவிவிடுங்கள்.

உள்ளே நடுப்பகுதி முழுவதும் மஞ்சள் தாள் ஒட்டி, அதன் மேல் தீவனத் தொட்டியில் பாலன் இயேசு, மரியாள், யோசேப்பு ஆகியோரின் நிழலுருவங்களைக் கறுப்புத் தாளில் வெட்டி ஒட்டுங்கள். முகங்களை வரைய வேண்டியதில்லை. நிழலுருவமே அமைதியாக அழகு தரும். கதவுகளில் சிறு ஜன்னல்கள் வெட்டிவிட்டால், மூடியிருக்கும்போதே உள்ளிருந்து விளக்கு எரிவது போல மஞ்சள் தெரியும். கதவுகள் தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்க, கூரை உச்சியில் ஒரு நட்சத்திரம் வையுங்கள். அதன் இடப்பாதியை மட்டும் இடக் கதவில் ஒட்டிவிட்டு, வலப்பாதியை வலக் கதவின் மேல் படியவிடுங்கள். மூடிய அட்டை 105 மி.மீ.க்கு 148 மி.மீ. இருக்கும், 114 மி.மீ.க்கு 162 மி.மீ. அளவுள்ள சி6 உறைக்குள் சரியாக உட்காரும்.

நட்சத்திரத்தையும் மரத்தையும் தனி வடிவமாக வெட்டித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. என் பார்வையில் எல்லாவற்றிலும் அழகானது, மடிப்பைத் தாண்டி எழும் வடிவம். 148 மி.மீ. அகலமும் 210 மி.மீ. உயரமும் உள்ள அட்டையின் நடுவே, 105 மி.மீ. உயரத்தில், குறுக்காகப் பென்சில் கோடு போடுங்கள். கீழ்ப்பாதிதான் முன்பக்கம். 8 செ.மீ. அகல நட்சத்திரம் ஒன்றை, அதன் மேல் மூன்று முனைகள் கோட்டுக்கு மேலேயும் கீழ் இரண்டு முனைகள் கோட்டுக்குக் கீழேயும் வரும்படி வரையுங்கள். கோட்டுக்கு மேலே இருக்கும் நட்சத்திர ஓரங்களை மட்டும் கட்டரால் வெட்டுங்கள்; கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். நட்சத்திரத்தின் உள்ளே மடிப்பு அழுத்தம் விழக்கூடாது. அதன் இடப்புறமும் வலப்புறமும் மட்டும் மடிப்புக் கோட்டை அழுத்துங்கள். இப்போது மேல்பாதியைப் பின்னால் மடித்துப் பாருங்கள். அட்டை மடிய, நட்சத்திரத்தின் மூன்று முனைகள் மடியாமல் மேலே எழுந்து நிற்கும். தாளில் ஒட்டு வேலையே இல்லை. மரத்தின் உச்சி, வானதூதரின் சிறகு, மெழுகுவர்த்தியின் சுடர் என்று எதையும் இப்படி எழுப்பலாம். உயரம் கூடிவிடுவதால் இதற்கு சி6 உறை போதாது, 162 மி.மீ.க்கு 229 மி.மீ. அளவுள்ள சி5 உறை வேண்டும்.

தனி நட்சத்திரம்தான் வேண்டும் என்றால் மடிப்பையே விட்டுவிடுங்கள். ஒரே அளவில் இரண்டு ஐந்துமுனை நட்சத்திரங்களை வெட்டி (வட்டத்தை 72 பாகைக்கு ஒரு புள்ளியாகப் பிரித்தால் ஐந்து முனைகள் வரும்), ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, நடுவில் துளையிட்டு, கால்கள் விரியும் பித்தளைப் பின்னால் இணையுங்கள். பின்னால் இருப்பதை 36 பாகை திருப்பினால் ஐந்து முனைகளுக்கு இடையே இன்னும் ஐந்து முனைகள் எட்டிப்பார்க்கும். அந்த ஐந்திலும் ஒவ்வொரு சொல் எழுதுங்கள்: நம்பிக்கை, அமைதி, மகிழ்ச்சி, அன்பு, ஒளி. குழந்தைகளுக்கு அனுப்பும் அட்டைகளை இப்படிச் செய்யலாம். திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்ப்பார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: பின் போன்ற கெட்டியான பொருள் தபால் பிரிக்கும் இயந்திரத்தில் சிக்கிக்கொள்ளக்கூடும். ஆகவே இதை நேரில் கொடுக்கும் அட்டைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்துக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஒரே மாதிரியான இரண்டு மரங்களை வெட்டி, ஒன்றில் உச்சியிலிருந்து நடுவரையும், மற்றதில் அடியிலிருந்து நடுவரையும் ஒரு பிளவு வெட்டுங்கள். அட்டையின் தடிமனைவிடப் பிளவு ஒரு நூலிழை அகலமாக இருக்கட்டும். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால் நாலாபுறமும் கிளை விரித்து நிற்கும் மரம். உறையில் போடும்போது தட்டையாக மடங்கிவிடும்.

மிக வித்தியாசமாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை இருந்தால் மலைப்பாதை அட்டையைச் செய்து பாருங்கள். 28 செ.மீ. நீளமும் 15 செ.மீ. உயரமும் உள்ள தாளை மூலைவிட்டமாக வெட்டினால் இரண்டு செங்கோண முக்கோணங்கள் கிடைக்கும். ஒன்று ஓர் அட்டைக்கு. செங்குத்தான பக்கம் இடப்புறமும் நீளமான பக்கம் அடியிலும் இருக்கும்படி வைத்து, 7 செ.மீ.க்கு ஒரு மடிப்பாக, விசிறி மடிப்பது போல முன்னும் பின்னும் மாற்றி மாற்றி மடியுங்கள். மிகச் சிறிய பகுதி முன்னால் வரவேண்டும். மூடியிருக்கும்போது சாய்ந்த ஓரங்கள் எல்லாம் சேர்ந்து, கீழிருந்து மேலாக வலமும் இடமுமாக வளைந்து ஏறும் ஒரு மலைப்பாதையாகத் தெரியும். அந்த ஓரங்களில் பாதையை வரைந்து, அதில் மூன்று ஞானிகளையும் ஒட்டகங்களையும் ஏற்றிவிடுங்கள், உச்சியில் விண்மீன். விரித்தால் வளைந்து ஏறிய பாதை ஒரே நேரான சரிவாக நீண்டுவிடும்! கவனிக்க வேண்டியது ஒன்று: விசிறி மடிப்பில் தாளின் முன்பக்கமும் பின்பக்கமும் மாறி மாறித்தான் தெரியும். ஆகவே மடித்துவைத்தபடியே வரையுங்கள். இரு பக்கமும் வெவ்வேறு நிறமுள்ள தாள் கிடைத்தால் மலைகள் அடுக்கடுக்காகப் பிரிந்து தெரியும். வாழ்த்தை உயரமான முதல் இரண்டு பகுதிகளின் உட்பக்கத்தில் எழுதலாம்.

வடிவ அட்டைகள் நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். அச்சிட்டு விற்கப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் அட்டை 1843இல் லண்டனில் வெளியானது. ஆங்கிலேய அரசு அதிகாரி ஹென்றி கோல் கேட்டுக்கொள்ள, ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்தது. அது சாதாரணச் செவ்வகம்தான். ஆனால் அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே விசிறி, பிறை, நட்சத்திரம், மணி என்று அட்டைகள் உருமாறிவிட்டன. சிலவற்றின் ஓரங்களில் பட்டு நூல் குஞ்சங்கள்கூட உண்டு. பழைய அட்டைகளின் படங்கள் கிடைத்தால் கூர்ந்து பாருங்கள். எங்கே மடிப்பை ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று கவனிப்பதே ஒரு பாடம்.

இனி தாளும் வெட்டும். சதுர மீட்டருக்கு 200 முதல் 250 கிராம் எடையுள்ள அட்டை இந்த வேலைக்கு ஏற்றது. 80 கிராம் நகல் தாள் நிற்காது; 300 கிராமுக்கு மேல் போனால் மடிப்பில் மேற்பரப்பு வெடிக்கும். அதைவிட முக்கியம் நார் ஓடும் திசை. தாள் தயாராகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்துவிடுகின்றன. அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் மடிப்பு கத்திபோல் நேராக வரும்; குறுக்கே மடித்தால் பிசிறடிக்கும். கண்டுபிடிப்பது எளிது. தாளை மடிக்காமல், இரு ஓரங்களையும் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். பிறகு தாளைத் திருப்பி மற்ற ஓரங்களைப் பிடித்து வளையுங்கள். எப்போது எதிர்ப்பு குறைவாக இருக்கிறதோ, அந்த வளைவின் கோடுதான் நார் ஓடும் திசை. ஏ4 அட்டையில் நார் நீளவாக்கில் ஓடினால், மேலே சொன்ன குடிலுக்கும் எழும் நட்சத்திரத்துக்கும் மடிப்பு தானாகவே இணையாக அமைந்துவிடும்.

மடிப்பதற்கு முன் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் கோட்டின் மேல் ஒருமுறை அழுத்தமாக இழுங்கள். எந்தப் பக்கத்தில் இழுப்பது என்பதில்தான் பலருக்குக் குழப்பம். மடித்த பிறகு வெளிப்பக்கமாக வரும் பக்கத்தில் பள்ளம் விழவேண்டும். மறுபக்கத்தில் எழும் மேடு மடிப்பின் உள்ளே போகவேண்டும். அப்போது தாளின் மேற்பரப்பு இழுபடாமல் மடியும். அடர்நிறத் தாளில் இந்த வித்தியாசம் உடனே தெரியும்: மாற்றி மடித்தால் மடிப்பில் வெள்ளைக் கீறல் ஓடிவிடும்.

கத்தரிக்கோலால் வெட்டும்போது கத்தரி நகராமல் இருக்கட்டும், தாளைத் திருப்புங்கள். வளைவு தானாக மென்மையாக வரும். கட்டரைப் பயன்படுத்தும்போது ஒரே இழுப்பில் அறுக்க முயலாதீர்கள். மெல்லிய அழுத்தத்தில் இரண்டு மூன்று முறை இழுத்தால் ஓரமும் சுத்தமாக இருக்கும், விரலுக்கும் ஆபத்தில்லை. நட்சத்திரத்தின் உள்மூலைகளில்தான் வெட்டு கோட்டைத் தாண்டி ஓடிவிடும். அங்கே எப்போதும் உள்மூலையில் கத்தி நுனியை ஊன்றி, வெளிமுனையை நோக்கி இழுங்கள்; இரு பக்கமும் அப்படியே. ஜன்னல் போன்ற உள்வெட்டுகளை முதலில் முடித்துவிட்டு வெளியோரத்தைக் கடைசியில் வெட்டுவது நல்லது. தாள் முழுதாக இருக்கும்வரை பிடிக்க இடம் இருக்கும்.

பசையில் ஒரு சொல்: நீர்ப்பசை தாளை நெளியவைக்கும். குச்சிப் பசையோ இரட்டைப் பக்க டேப்போ போதும். ஒட்டிய அட்டைகளை ஓர் இரவு கனமான புத்தகத்தின் அடியில் வையுங்கள். மினுமினுப்புத் தூளைத் தவிர்த்துவிடுங்கள் என்றே சொல்வேன். திறப்பவர் கையிலும் மேசையிலும் அது உதிர்ந்துகொண்டே இருக்கும். அட்டையையும் பிறகு காகிதக் கழிவோடு சேர்க்க முடியாது.

உறை விஷயத்தில் கூரான முனைகள்தான் பகை. நட்சத்திரமோ மரமோ அனுப்பினால், உறையின் அளவுக்கே ஒரு செவ்வக அட்டையை வெட்டிப் பின்னால் துணைக்கு வையுங்கள், முனைகள் மடங்காது. உறையை நீங்களே செய்யவும் முடியும். 12 செ.மீ. சதுரத்துக்குள் அடங்கும் அட்டைக்கு 20 செ.மீ. சதுரத் தாள் போதும். தாளின் நடுவில் அட்டையை மூலை திருப்பி வைத்து, நான்கு மூலைகளையும் உள்ளே மடித்தால் ஒன்றின் மேல் ஒன்று படிந்து ஒட்ட இடம் கிடைக்கும். தபால் விதிகளை முன்கூட்டியே பாருங்கள். அமெரிக்க அஞ்சல் துறை, நீளம் அகலத்தைப் போல 1.3 மடங்குக்கும் குறைவாக உள்ள உறைகளுக்குக் கூடுதல் கட்டணம் வசூலிக்கிறது. சதுர உறைகள் எல்லாம் அதில் சிக்கும். பிரிட்டனில் சாதாரணக் கடிதக் கட்டணத்துக்கு 5 மி.மீ. தடிமனுக்குள் இருக்கவேண்டும். பல அடுக்குகள் ஒட்டிய அட்டை அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

முப்பதையும் ஒவ்வொன்றாகத் தொடங்கி முடிக்காதீர்கள். கெட்டியான அட்டைப்பெட்டித் துண்டில் மாதிரி ஒன்றை வெட்டிக்கொண்டு, முப்பதையும் முதலில் அளந்து, பிறகு முப்பதிலும் மடிப்புக்கோடு இழுத்து, பிறகு வெட்டி, கடைசியில் ஒட்டுங்கள். கை ஒரே அசைவுக்குப் பழகிவிடுவதால் பத்தாவது அட்டைக்குப் பிறகு வெட்டு தெளிந்துவிடும். வாழ்த்து வரிகளை ஒட்டுவதற்கு முன்பே, தாள் தட்டையாக இருக்கும்போது எழுதுங்கள். மடிப்புக்கும் வெட்டிய ஓரத்துக்கும் அருகே ஒரு விரல் அகலம் காலியாக விடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, சாதாரண வெள்ளைத் தாளில் ஒரு மாதிரி செய்து, மடித்து, நிறுத்தி, நீங்கள் வாங்கிய உறைக்குள் போட்டு எடுத்துப் பாருங்கள். மூலைகள் எங்கும் உரசாமல் வெளியே வந்தால் நல்ல அட்டையை எடுத்து வெட்டத் தொடங்கலாம்.